அண்ணன் பின்னால் நின்ற வரை

வசிதியும் அவள் அண்ணன் பெனையாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. சண்டை எதுவும் இல்லை. எங்கள் ஆட்களிடம் கூடப் பிறந்த ஆணும் பெண்ணும் வளர்ந்த பிறகு அப்படித்தான். ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். ஒருவர் பெயரை ஒருவர் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியதை இன்னொருவர் வழியாகச் சொல்வார்கள். கண்டாவுத் தீவிலிருந்து தலைநகரான சுவாவுக்குக் குடிவந்த குடும்பங்களில் பாதிப் பேர் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். அவர்கள் அப்பா, என் மாமா, விடவில்லை. வாரநாட்களில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் செய்வார். இரண்டிலும் ஒரு அங்குலம் பிசகாத மனிதர்.

நான் அவருடைய அக்கா மகன் எபெலி. பெனையாவுக்கு மச்சான், வசிதிக்கு அத்தை மகன். ரைவாங்கா குடியிருப்பில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. மச்சான்கள் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், முறைப்பெண்ணோடும் வாயாடலாம். அதனால் தூது போகிற வேலை சிறு வயதிலேயே என் தலையில் விழுந்தது.

"மச்சான், என் பொறந்தவகிட்ட சொல்லு, கீரை கருகிப் போச்சுன்னு" என்பான் பெனையா. கீரை சமைத்தவள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்பாள். காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். "கண்டாவுல இருக்கற அவர் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லு" என்பாள் வசிதி. அதை அப்படியே கொண்டு வர முடியாது. வருகிற வழியில் கொஞ்சம் கழுவித் துடைத்து, "நாளைக்குப் பாத்து வைக்கறாளாம்" என்பேன். அதுவும் அவன் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

சர்ச் பாடகர் குழுவில் வசிதியின் குரலைக் கேட்டுவிட்டு, கடற்கரைச் சாலையில் இருந்த ஓட்டல் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. வெள்ளி, சனிக்கிழமைகளில் வந்து பாட வேண்டும். மாமா கொஞ்ச காலம் இழுத்தடித்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: அவள் எங்கே பாடினாலும் அண்ணன் அங்கே நிற்க வேண்டும்.

பெனையாவுக்கு அப்போது சங்கீதத்தில் ஒரு ஆசையும் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். முதல் வாரம் ஓட்டல் கூடத்தின் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குடிக்க வந்தவர்கள் அவன் தோள் அகலத்தைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்கள். மேலாளர் வந்து, இங்கே சும்மா நிற்கிறவர்களுக்கு இடமில்லை, ஒன்று குடிக்க வேண்டும், இல்லையென்றால் வாசிக்க வேண்டும் என்றார். பெனையா குடிக்க மாட்டான். ஒரு கிட்டார் வாங்கினான். அந்த வருஷம் முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்து விரல் நுனி காய்த்துப் போகும்வரை பழகினான். அவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டேன்.

மேடையில் வசிதி முன்னால் நின்று பாடுவாள். பெனையா நேர் பின்னால். அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை, தோளைத்தான் பார்ப்பான். தோள் லேசாக உயர்ந்தால் மூச்சு இழுக்கிறாள் என்று அர்த்தம். அது இறங்கும்வரை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். அவளுக்குச் சுருதி கூடுதலாகப் பட்டால் குதிகாலால் பலகையை ஒரு தட்டு தட்டுவாள், அவன் அடுத்த பாட்டில் இறக்கிவிடுவான். மேடையில் மட்டும் எனக்குத் தூது வேலை கிடையாது. மாமா போட்ட நிபந்தனையால் அவர்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒரு இடம் கிடைத்திருந்தது. அது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

மார்க்ஸ் தெருவில் ரேடியோக் கடை வைத்திருந்த ஜயந்திலால் சேட் பின்கட்டில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் கட்டி 'கோரல் டோன்' என்று பெயர் வைத்திருந்தார். எங்களை அங்கே வரச்சொல்லி ஒரு கேசட் போட்டார். அதில் ஒரு பாட்டு. கண்டாவுக் கப்பல் வருகிற நாளெல்லாம் துறைமுகத்துக்குப் போகிற ஒரு பெண், ஊரிலிருந்து வந்த சேம்புக் கிழங்கை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். அவ்வளவுதான் விஷயம். வரிகளை நானும் பெனையாவும் எழுதினோம். ஆனால் வசிதி அதைப் பாடியபோது கிழங்கின் கனம் கேட்கிறவன் தோளில் ஏறியது. அந்த வருஷம் சுவாவில் அந்தப் பாட்டு ஓடாத பேருந்து இல்லை. சந்தையில் பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். லவுட்டோக்காவில் ஒரு படகுக்கு அவள் பெயரை வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இசிகேலி என்ற ராணுவத்துக்காரன் பெண் கேட்டு வந்தான். லெபனானில் அமைதிப் படையில் இருந்துவிட்டு வந்தவன், நல்ல மாதிரி. அவன் வீட்டார் எங்கள் வழக்கப்படி திமிங்கலப் பல்லை முன்னால் வைத்து முறையாகக் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஓட்டலில் பாடக் கூடாது என்பதையும் மரியாதையாகச் சொன்னார்கள். மாமாவுக்குச் சந்தோஷம். வசிதி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். ஒரு வருஷம் போனது. அவன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். கிண்டலுக்குப் பேர்போன நானும் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சேட்டுக்கு அவளிடம் வேறொரு விஷயம் பிடித்துப்போனது. புதிதாக வருகிற குழுக்களின் பாட்டைப் போட்டுக்காட்டி, எது ஓடும் என்று அவளைக் கேட்பார். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது பேருந்தில் ஓடும், இது சாவு வீட்டில் ஓடும், இது எங்கேயும் ஓடாது என்பாள். தப்பியதே இல்லை. ஒருநாள் அவர் சொன்னார்: "மகளே, நீ பாடறதைவிட நல்லாக் கேக்கறே."

அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அன்று ரைவாங்கா முனையில் பேருந்தை விட்டு இறங்கியபோது வசிதி என்னிடம், "அப்போ நான் நல்லாப் பாடலையா, எபெலி?" என்று கேட்டாள். நன்றாகத்தான் பாடுகிறாய் என்றேன். "நீ சொன்னா சரிதான். உனக்குக் காது இருக்கற எடத்துல பஞ்சுதானே இருக்கு" என்றாள்.

எண்பத்தேழாம் வருஷம் மே மாதம் ராணுவம் அரசாங்கத்தைக் கவிழ்த்தது. சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றது. ஓட்டல் கூடத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்கள். இந்தியர்கள் நிறையப் பேர் நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். சேட்டின் பிள்ளைகளும் ஆக்லாந்துக்குப் போய்விட்டார்கள், அவரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போவதற்கு முன்னால் அவர் வசிதியைக் கூப்பிட்டு, சொத்து என் பெயரில் இருக்கட்டும், கோரல் டோனை நீ நடத்து என்றார். அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. குடித்துவிட்டுச் சிரிக்கிறவர்களுக்கு முன்னால் பாடிப் பாடி அலுத்துப் போயிருந்தாள். பெரிய மேசை, தன் கையில் சாவி, தன் பேச்சுக்கு ஒரு மரியாதை. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஓட்டலில் கடைசியாக வாசித்து முடித்துவிட்டு பின்வாசலில் பொருட்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வசிதி சுவரோரம் நின்றிருந்தாள்.

"எபெலி, என் பொறந்தவர்கிட்ட சொல்லு. நான் இனிமே பாடல."

பெனையா கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். நிமிராமலே, "ஏன்னு கேளு" என்றான்.

"களைச்சுப் போச்சுன்னு சொல்லு. ஆபீசையும் மேடையையும் ரெண்டையும் பாத்துக்க முடியாது."

"சரின்னு சொல்லு." பெட்டியைப் பூட்டினான். தூக்கினான். மறுபடியும் கீழே வைத்தான். "அப்போ நான் இனிமே எங்க நிக்கறதுன்னு கேளு, மச்சான்."

அதை நான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் அவள் நின்றிருந்தாள். வேனில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவன் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

பெனையா சிங்காதோக்காப் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் வேலைக்குப் போனான். சாப்பிடுகிறவர்களின் மேசை மேசையாக நின்று வாசிக்கிற வேலை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. மாமா இறந்த பிறகு சுவாவுக்கு வருவதையும் குறைத்துக்கொண்டான். வந்தாலும் வசிதி வீட்டுக்கு வர அவனுக்கு ஒரு சாக்கு இல்லை. கூடப் பிறந்தவள் தனியாக இருக்கிற வீட்டுக்குள் எப்படி வருவான்?

எனக்கு வசிதி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை கொடுத்தாள். அதனால் அவள் மேசைக்கு முன்னால் நடந்ததையெல்லாம் நான் பார்த்தேன். கோரல் டோன் அவள் கையில் நன்றாக வளர்ந்தது. வெளித்தீவுகளுக்கெல்லாம் கப்பலில் போய்க் குரல் தேடிக் கொண்டு வந்தாள். எந்தத் தீவில் யாருக்கு எப்படிப்பட்ட குரல் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனால் பாட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வேலையை அவள் யாரிடமும் விட்டதில்லை. எதிரே உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, "பாட்டு நல்லாருக்கு. உங்க குரல் அதுக்குத் தாங்கல" என்பாள். சொந்தக்காரர்கள் யங்கோனா வேர்க் கட்டும் பாயும் கொண்டு வந்து முன்னால் வைப்பார்கள். முறைப்படி கை தட்டி வாங்கிக்கொள்வாள், அந்த வேரைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து உபசரிப்பாள், அதற்குப் பிறகும் முடியாது என்றுதான் சொல்வாள்.

தானாகத் தாளம் போடுகிற மின்கருவியும் கீபோர்டும் வந்தபோது அவற்றை முதலில் வாங்கியது அவள்தான். பத்துப் பேர் வாசித்த இடத்தில் ஒருவர் போதும் என்றாயிற்று. அவள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். ஆனாலும் எங்களோடு வாசித்த டிரம்ஸ்காரன், அவள் எதிரே வந்தால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போனான்.

கல்யாண வீடுகளில் அவளுக்கு முன்வரிசையில் பாய் விரித்தார்கள். பெண்கள் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவள் போய் உட்கார்ந்ததும் பேச்சு தணிந்துவிடும். அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும் கிட்டார் வைத்திருக்கிற ஒரு பிள்ளையோ தம்பியோ இருந்தான். அவளிடம் சிபாரிசுக்குப் பேசுகிறவர்கள் பேசினார்கள், கோபத்தில் பேசாமல் இருந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். சும்மா பேச ஆள் இல்லாமல் போயிற்று.

எங்கள் ஜனங்களில் யாரும் தனியாகக் குடியிருப்பதில்லை. சாமபூலாவில் அவள் எடுத்த வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று கண்டாவிலிருந்து பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். ஒவ்வொருத்தியும் பெட்டியில் யாரோ ஒருவரின் கேசட்டோடு வந்தாள். கொஞ்ச நாளில் அவர்களுக்கு ஹாஸ்டலில் இடம் பார்த்து அனுப்பிவிட்டாள். எங்கள் சந்தையில் மீனைக் கோவையாகக் கோத்துத்தான் விற்பார்கள். அவள் ஒரு கோவையிலிருந்து ஒற்றை மீனைக் கேட்பாள். மீன்காரி ஒரு தடவை என்னிடமே கேட்டாள்: "அந்தம்மா வீட்டுல வேற யாரும் சாப்பிட மாட்டாங்களா?"

தொண்ணூற்றாறில் பெனையாவிடமிருந்து என் பெயருக்கு ஒரு கேசட் வந்தது. நாலு பாட்டு, அவனே எழுதி அவனே பாடியது. வசிதியிடம் போட்டுக்காட்டச் சொல்லியிருந்தான். வேலையாட்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் போட்டேன். கிட்டார் அருமையாக இருந்தது. குரல், பாவம், மூட்டை எண்ணுகிறவன் குரல். வசிதி முழுக்கக் கேட்டாள். மறுபடியும் போடச் சொன்னாள்.

"அவருக்குப் பாட வராது, எபெலி. சின்ன வயசுலேருந்தே வராது."

"முடியாதுன்னு நான் சொல்லிடறேன், விடு. அவன் என் மச்சான். ரெண்டு திட்டு திட்டுவான், அவ்வளவுதானே?"

"முடியாதுன்னு நேர்ல பாத்துச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்" என்றாள். "இவர்கிட்ட அப்படி எப்படிச் சொல்லுவேன்?"

கடைசியில், பாட்டை வேறு இளம் பாடகர் யாராவது பாடட்டும், கிட்டாரை அவர் வாசிக்கட்டும் என்று முடிவுசெய்தாள். அதைச் சொல்ல நான் பேருந்து பிடித்துப் போனேன். பெனையா விடுதியின் பின்பக்கம் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவுகிறவர்களோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. பூப்போட்ட விடுதிச் சட்டையில் உடம்பு பருத்துத் தெரிந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நான் பாடறதுக்காகவா அனுப்பினேன், கழுதை? அவ பாடணும்னு அனுப்பினேன். ராகம் எப்படிப் போகுதுன்னு வேற எப்படிக் காட்டறது? உன்கிட்ட சீட்டியடிச்சு அனுப்பினா நீ சுவா வந்து சேரறதுக்குள்ள அது வேற பாட்டாயிருக்கும்."

திரும்பி வந்து சொன்னேன். ஒரே ஒரு பாட்டு பாடுகிறேன் என்றாள் வசிதி.

பழைய நாளாக இருந்தால் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் நின்றிருப்பார்கள். இப்போது அதற்கு அவசியம் இல்லை. வாத்தியத்தைத் தனியாகப் பதியலாம், குரலைத் தனியாகப் பதிந்து மேலே சேர்க்கலாம். அவன் காலையில் வந்தான். அவள் வேண்டுமென்றே வங்கிக்குப் போயிருந்தாள். போவதற்கு முன்னால் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் சேம்பும் தட்டில் மூடி வைத்திருந்தாள். அவன் வாசித்தான், சாப்பிட்டான், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "நல்லாருந்துச்சுன்னு சொல்லு" என்று சொல்லி மதியப் பேருந்துக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் அவன் வாசித்ததை ஓடவிட்டேன். முதல் அடி பாடினாள். இரண்டாம் அடிக்கு முன்னால் மூச்சு இழுத்தாள். அந்த இடத்தில் கிட்டார் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. வழக்கமாக நிற்பதைவிடக் கொஞ்சம் நீளமாகவே நின்றது. வசிதி பாடுவதை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"எனக்கு முன்ன மாதிரி மூச்சு நிக்கறதில்லைன்னு நீ சொன்னியா அவர்கிட்ட?"

நான் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது.

அன்றைக்கு அவளால் பாட முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் பாடினாள். அவன் விட்டிருந்த இடைவெளி ஒவ்வொன்றும் அவள் மூச்சுக்குச் சரியாக இருந்தது. நான் அவ்வளவு வருஷத்தில் பதிந்த பாட்டுகளில் அதுதான் நல்ல பாட்டு என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது ஓடவில்லை. தன் பாட்டுக்குத் தானே விளம்பரம் செய்வது நியாயமில்லை என்று வசிதி சும்மா இருந்துவிட்டாள். ரேடியோவில் ஓரிரு வாரம் போட்டார்கள். கடைக்கு வந்த ஒரு பையன், இது எங்கள் அம்மா காலத்துப் பாட்டா என்று கேட்டான். கேட்ட முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கும், இது பேருந்தில் ஓடாது என்று.

பத்து வருஷம் கழித்து சர்க்கரை வியாதி பெனையாவின் காலில் ஒன்றை எடுத்துக்கொண்டது. அப்புறமும் விடவில்லை. சுவா பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மனைவி பகலில் பார்த்துக்கொண்டாள். ஆபீஸ் முடிந்ததும் வசிதி வருவாள், அவளோடு நான். அவள் கால்மாட்டில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்காருவாள். நடுவில் என் நாற்காலி.

"மச்சான், என் பொறந்தவகிட்ட சொல்லு, மழைக்கு முன்னாடி கிளம்பச் சொல்லி."

"குடை இருக்குன்னு சொல்லு."

"சந்தைக் குடையா? அது மடங்கிடும்னு சொல்லு."

இப்படித்தான் பேசினார்கள், கடைசிவரை. ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய் வேண்டுமென்றே தாமதம் செய்தேன். தனியாக விட்டால் ஒரு வார்த்தையாவது பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது வசிதி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்சே?" என்றாள். "நீ இல்லாம நான் உள்ள எப்படி இருக்கறது?"

அவன் போன அன்றும் அப்படித்தான் ஆயிற்று. அன்று நான் வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். அவன் மனைவி துணி துவைக்கப் போயிருந்தாள். வசிதி வராந்தாவில் எனக்காகக் காத்து நின்றாள். நர்ஸ் வெளியே வந்து அவளிடம் சொன்னாள். நான் மாடியேறி வந்தபோது அவள் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தாள், உள்ளே போகவில்லை.

"நீ உள்ள போயிருக்கலாமே, வசிதி" என்றேன்.

"எப்படி?" என்று கேட்டாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. வழி இருந்தால் சொல்லு என்கிற மாதிரிதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு கோரல் டோனும் நீண்ட நாள் நிற்கவில்லை. ஒரு பாட்டு வெளியான அன்றே தெருவோரத்தில் அதன் நகல் கிடைத்தது. சேட் ஆக்லாந்தில் இறந்துபோனார். பிள்ளைகள் கட்டடத்தை செல்போன் கடைக்காரர் ஒருவருக்கு விற்றார்கள். வசிதியிடம் முன்கூட்டியே சொல்லி, அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, மரியாதையாகத்தான் செய்தார்கள். கருவிகளை அவள் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். கடைசி நாளில் யாராவது வருவார்கள் என்று நான் நினைத்தேன். அவள் கைபட்டுப் பெரிய ஆளானவர்கள் சுவாவிலேயே எத்தனையோ பேர் இருந்தார்கள். நானும் அவளும்தான் இருந்தோம். எதிர்க்கடை ரொட்டியை வாங்கி, மேசை போன இடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம்.

பேருந்தில் வழக்கம்போல் காது கிழியப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பெண் குரல், புதுசு, நன்றாகவே பாடினாள். வசிதி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டாள். பின் இருக்கையில் பள்ளிக்கூடப் பெண்கள் கூடவே பாடிக்கொண்டு வந்தார்கள்.

"யாரு இவ?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள்.

சாமபூலா வந்தது. கயிற்றை இழுத்து மணியடித்துவிட்டு எழுந்தாள். பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. படியில் ஒரு கணம் நின்று கேட்டாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்ததும் இறங்கிப் போனாள்.